தமருல் ஹிந்தி முதல் நித்தியகல்யாணி வரை

கி.பி. 1344ஆம் ஆண்டளவில் மாலத்தீவையும் இலங்கையையும் கண்டுவிட்டு மஅபர் கரையில் வந்திறங்கிய மொரோக்கோ யாத்ரீகர் இப்னு பதூதா, மதுரை மாநகரை ‘முத்ரா’ என்று தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். அப்போது மதுரைச் சுல்தானாக இருந்த கியாதுத்தீன் தாமகானீ அவருக்குச் சகலை முறை. இருவரும் மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹின் பெண்மக்களை மணந்தவர்கள். உறவினரை நாடி வந்த இடத்தில் இப்னு பதூதா கண்டது கொள்ளைநோய். அது பற்றியவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர் என்றும், வெளியே வந்தால் நோயாளியையும் மையித்தையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை என்றும் அவர் எழுதுகிறார். முடிவில் அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. இதுவே தம் இறுதி என்று எண்ணிய வேளையில், அவ்வூரில் ஏராளமாய்க் கிடைக்கும் புளியை உட்கொள்ளுமாறு அல்லாஹ் தம் உள்ளத்தில் உதிக்கச் செய்தான் என்கிறார். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாட்கள் வயிறு போயிற்று, குணமடைந்தார். அரபியர் நம் புளிக்கு இட்ட பெயர் தமருல் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை. ஐரோப்பியர் புளியை அழைக்கும் டாமரிண்ட் என்னும் சொல்லும் அதன் திரிபேயாகும்.

இதே பக்கங்களில் மற்றொரு மருந்தும் வருகிறது. யோகி ஒருவர் சுல்தானுக்கு ஆண்மை பெருக்கும் மாத்திரைகள் செய்து கொடுத்தார். அவற்றில் இரும்புத் தூளும் கலந்திருந்ததாகப் பேச்சு. பலனைக் கண்ட சுல்தான் அளவுக்கு மிஞ்சி விழுங்கிவிட்டார்; நோயுற்றார். அந்நிலையிலேயே மதுரை திரும்பியவர் அதன்பின் நெடுநாள் வாழவில்லை.

மதுரை மண்ணில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாம் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்குக் காரணமுண்டு. புளி குடித்தவர் பிழைத்தார் என்பது செய்தி. புளியால்தான் பிழைத்தார் என்பது வேறொரு கூற்று. அவருக்கு வந்தது ஊரைச் சூறையாடிய அதே நோய்தானா, வேறொரு காய்ச்சலா என்பதை அவர் தரும் குறிப்பைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. அவரும் புளியைக் கொள்ளைநோய்க்கு மருந்தென்று எங்கும் அறிவிக்கவில்லை. மார்க்கச் சட்டம் படித்து நீதிபதிப் பதவி வகித்தவராதலால் சாட்சியத்தின் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது போலும். இன்று நம் மஹல்லாக்களில், நுரையீரல் புற்றுநோய்க்கு இன்ன விதை, இன்ன எண்ணெய், இன்ன இலை என்று வாட்ஸ்அப் வழியே வந்து குவியும் செய்திகளில் இல்லாமற்போனது இந்த எல்லையுணர்வே. தாவரங்களிலிருந்து நுரையீரல் புற்றுக்கு மருந்து கிடைத்தது மெய்யான வரலாறு. அவ்வரலாற்றில் மதுரைக்குத் தெற்கே விரியும் மானாவாரிப் புஞ்சைகளுக்கும் இடமுண்டு. எனினும் இலை மருந்தான விதம் இச்செய்திகள் சொல்லும் விதமன்று.

முதலில் நம் முன்னோரின் நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஹிஜ்ரி 428இல், அதாவது கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் இரண்டாம் பாகத்தைத் தனிமருந்துகளுக்கென ஒதுக்கினார். மருந்தின் குணத்தை அறிய இரு வழிகள் உள்ளன என்பது அவர் கருத்து. ஒன்று தஜ்ரிபா எனும் சோதனை. மற்றது கியாஸ் எனும் ஒப்பாய்வு. சோதனைக்கு ஏழு நிபந்தனைகளை அவர் விதிக்கிறார். மருந்து புறத்தே ஏற்ற வெப்பம் முதலியன கலவாத இயல்பு நிலையில் இருக்க வேண்டும். பல நோய்கள் பின்னிக் கிடக்கும் உடலில் அன்றி ஒற்றை நோயுள்ள உடலில் அதைச் சோதிக்க வேண்டும். மாறுபட்ட இயல்புள்ள நோய்களிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்தின் வீரியம் நோயின் வலிமைக்கு ஒத்திருக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்குவது நன்று. கொடுத்ததற்கும் குணம் தெரிந்ததற்கும் இடையிலுள்ள காலத்தைக் கவனிக்க வேண்டும். எப்போதுமோ பெரும்பாலுமோ அதே விளைவு காணப்பட வேண்டும். ஒருமுறை கண்டது தற்செயலாயிருக்கலாம். ஏழாவதாக, மனித உடலிலேயே சோதனை முடிய வேண்டும். சிங்கத்தின் உடலிலோ குதிரையின் உடலிலோ கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம். கடைசி இரு நிபந்தனைகளும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் மருந்தாய்வின் கழுத்தைப் பிடித்துக் கொண்டிருப்பவை. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

புற்றுநோயை அரபு வைத்தியர் ‘ஸரதான்’ என்றனர். நண்டு என்பது பொருள். கிரேக்கர் வழங்கிய பெயரும் அதுவே. இப்னு ஸீனாவும் பிறரும் ஸரதானை விரிவாய் எழுதினர். தொடக்கநிலையில் வேரோடு அறுத்தெடுக்க இயலுமாயின் அறுக்கலாம் என்றனர். ஆனால் அவர்கள் கண்டது பெரும்பாலும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்துப் புற்று. நெஞ்சகத்தைப் பொறுத்தவரை ஈளையும் இருமலும் எலும்புருக்கியும் அவர்களுடைய நூல்களில் உள்ளன. இன்று நாம் நுரையீரல் புற்று என்று தனித்தறியும் நோய் அங்கு இல்லை. இதில் வியப்பில்லை. 1912இல் ஐசக் அட்லர் என்னும் மருத்துவர் நுரையீரல் புற்றுக் குறித்துத் தனி நூல் எழுதியபோதே, இத்தனை அரிய நோய்க்கு ஒரு நூல் தேவையா என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உலக மருத்துவ ஏடுகளைச் சலித்தெடுத்தும் அவருக்குக் கிடைத்தவை நானூறுக்கும் குறைந்த நேர்வுகளே. சிகரெட்டு பரவியது, நோயும் பரவியது. 1950இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் இரண்டுக்குமுள்ள தொடர்பைக் கணக்கிட்டுக் காட்டினர். (நம் ஊர்களில் பீடி சிகரெட்டினும் தீங்கு குறைந்தது என்றொரு நம்பிக்கை உலவுகிறது, அதற்கு ஆதாரமேதும் இல்லை.) ஆகவே, நுரையீரல் புற்றுக்கு ஆயிரமாண்டுப் பழமையான கைகண்ட மருந்து என்று எவரேனும் சொன்னால், அந்நோயே அறியப்படாத காலத்தில் அம்மருந்தை யார் மீது கைகண்டனர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

இனி நித்தியகல்யாணிக்கு வருவோம். பட்டிப்பூ என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. நம் கபரஸ்தான்களின் ஓரத்திலும் வெள்ளையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாய் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பது இதுவே. சொந்த நாடு மடகாஸ்கர் தீவு. ஆடுமாடு வாய்வைப்பதில்லை, வறட்சியைத் தாங்கும். இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் புஞ்சைக் காடுகளில் பிற்காலத்தில் இது பயிராகவே ஏறியதற்கு இவ்விரு குணங்களே காரணம். மழையை நம்பி விதைத்து, ஆறாம் மாதம் ஒரு முறையும் ஒன்பதாம் மாதம் ஒரு முறையும் இலை உருவி, ஓராண்டு நிறைவில் வேரைத் தோண்டி எடுப்பது வழக்கம். காய்ந்த இலையும் வேரும் வணிகர் கைமாறி மருந்து நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லும். வேரிலிருந்து இரத்த ஓட்டக் கோளாறுக்கான அஜ்மலிசின் கிடைக்கிறது. இலையிலிருந்து கிடைப்பவைதாம் புற்றுமருந்துகள். இலக்னோவிலுள்ள மத்திய மருந்து மற்றும் வாசனைத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் என்னும் வெண்பூ வகைகளை இதற்கென்றே உருவாக்கிக் கொடுத்தது.

மருந்து வெளிப்பட்ட வரலாறு சுவையானது. பல நாடுகளில் இச்செடியின் இலைச்சாறு சர்க்கரை நோய்க்கென்று வழங்கி வந்தது. 1952இல் ஜமைக்காவிலிருந்து நோயாளி ஒருவர், கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறையில் சுமார் 25 இலைகளை அனுப்பிவைத்தார். அவர் அதைத் தம் தம்பி இராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். தம்பி மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். சாற்றை எலிகளுக்கு வாய்வழியே புகட்டிப் பார்த்தனர், சர்க்கரை அசையவில்லை. ஊசி வழியே செலுத்தினர். அப்போதும் சர்க்கரை குறையவில்லை, எலிகள் செத்தன. ஏன் செத்தன என்று அறுத்துப் பார்த்ததில் கிருமித்தொற்று தெரிந்தது. தொற்றுக்குக் காரணம் தேடியபோது, இரத்தத்தின் வெள்ளையணுக்கள் சரிந்திருந்ததும் எலும்பு மச்சை ஒடுங்கியிருந்ததும் தெரிந்தன. இங்குதான் ஆய்வாளரின் கண் வேலை செய்தது. வெள்ளையணுக்களை ஒடுக்கும் பொருள், வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றையும் ஒடுக்குமல்லவா? 1954இல் வந்து சேர்ந்த வேதியியலர் சார்லஸ் பீர் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் வின்பிளாஸ்டின் உலகறிய வெளியாயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்திலும் ஸ்வபோடா, ஜான்சன் ஆகியோர் இதே செடியைச் சோதித்து இரத்தப் புற்றுள்ள சுண்டெலிகளின் ஆயுள் நீள்வதைக் கண்டனர். அங்குப் பிறந்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றளவும் முதன்மையான மருந்துகளுள் அது ஒன்று.

எலியைக் கொன்ற குணமே நோயாளியைக் காக்கும் குணமாயிற்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப்பொருளை இரு புறமும் இழுத்துச் செல்ல நூலிழைகள் போன்ற நுண்குழாய்கள் அணுவினுள் கட்டப்படுகின்றன. ட்யூபுலின் என்னும் புரதம் அவற்றின் செங்கல். நித்தியகல்யாணியின் மருந்து அச்செங்கலைப் பற்றிக்கொண்டு குழாய் எழும்பவிடாமல் தடுக்கிறது. பிரிய முடியாத அணு மடிகிறது. புற்றணு மிகுதியாய்ப் பிரிவதால் மிகுதியாய் மடிகிறது, அவ்வளவே. பிரிந்து வளரும் நல்ல அணுக்களையும் மருந்து விட்டுவைப்பதில்லை. நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. எனவே ‘கீமோ’ என்பது செயற்கை நஞ்சு, மூலிகை என்பது இயற்கை அமுதம் என்று பிரித்துப் பேசுவோர், அந்தக் கீமோவில் பாதி தங்கள் ஊர்ச் சுடுகாட்டு மல்லியின் உறவு என்பதை அறிந்திலர். சர்க்கரைக்கு நல்லதென்று இப்பூவையும் இலையையும் கஷாயமிட்டுக் குடிப்போர் நம்மிடையே இன்றும் உள்ளனர். சுல்தானின் மாத்திரை அவர்களுக்கு நினைவூட்டத் தக்கது.

நுரையீரல் புற்றுக்கு இச்செடி வந்து சேர்ந்தது பிரான்சு நாட்டின் வழியாக. காய்ந்த இலை பல நூறு கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிராம் மருந்து கிட்டும் என்னும் நிலை வேதியியலரை வருத்தியது. அதே இலையில் கேத்தரந்தின், விண்டோலின் என்னும் இரு எளிய பொருட்கள் மிகுதியாய் உண்டு. பாரிசுக்கு அருகே ஜிஃப்-சுர்-இவெட் ஆய்வு நிறுவனத்தில் பியேர் பொத்தியேயும் அவர் குழுவினரும் இவ்விரண்டையும் இணைக்கும் வழியைக் கண்டனர். இணைத்ததை மேலும் திருத்தி, ஒரு வளையத்தில் ஒரு கரியணுவைக் குறைத்து உருவாக்கிய புதுப் பொருளே வினோரெல்பின். 1989இல் பிரான்சிலும் 1994இல் அமெரிக்காவிலும் நுரையீரல் புற்றின் பெருவகைக்கு அது அனுமதிக்கப்பட்டது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம் பெற்றது.

பலன் எவ்வளவு? இதைச் சொல்லாமல் புகழ்மாலை மட்டும் தொடுப்பது நேர்மையன்று. 1994இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில் முற்றிய நோயுள்ள 612 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். வினோரெல்பினும் சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 40 வாரம். மற்ற இரு பிரிவினருக்கு 32, 31 வாரம். 1999இல் இத்தாலியில் எழுபது வயதைக் கடந்த நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றோர் 21 வாரமும், வினோரெல்பினும் பெற்றோர் 28 வாரமும் வாழ்ந்தனர். ஓராண்டைக் கடந்தோர் நூற்றுக்கு 14 என்பது 32 ஆயிற்று. நோய் முற்றுமுன் அறுவை செய்து, அதன்பின் இம்மருந்துக் கூட்டைக் கொடுத்தால் பலன் பெரிது. 2005இல் வெளியான வட அமெரிக்கச் சோதனையில் 482 பேர் இருந்தனர். ஐந்தாண்டு வாழ்ந்தோர் அறுவை மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு 54, மருந்தும் பெற்றவர்களில் 69. இன்று புற்றணுவின் குறிப்பிட்ட மரபுப் பிழையைத் தாக்கும் மாத்திரைகளும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் பல நோயாளிகளுக்கு முன்னிடம் பெற்றுவிட்டன. ஏழு வாரம், பதினைந்து பேர் என்று ஒவ்வொன்றாய் எண்ணி வாங்கிய வெற்றி இது. முழு நிவாரணம் என்று இச்சோதனைகளை நடத்திய எவரும் எழுதவில்லை.

இவ்வழியே வந்த வேறு மருந்துகளும் உண்டு. இமயமலைச் சாரலிலும் ஓர் இனம் வளரும் போடோஃபில்லம் செடியின் பொருளைத் திருத்தி எடோபோசைடு செய்யப்பட்டது. மகாராட்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் அமெரிக்கர் மன்ரோ வாலும் 1966இல் சீன மரமொன்றில் கேம்ப்டோதெசினையும், 1971இல் யூ மரப்பட்டையில் டாக்ஸாலையும் வெளிக்கொணர்ந்தனர். இவற்றுள் கேம்ப்டோதெசினுக்கு ஒரு தமிழ்த் தொடர்ச்சி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்து பின்னர் பம்பாய் சென்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனுடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா மரத்தில் அதே பொருள் மிகுதியாய் இருப்பதை 1972இல் காட்டினார். சீன மரத்துக்கும் நம் மலை மரத்துக்கும் நெருங்கிய உறவில்லை என்பது வியப்பு. ஆனால் கேம்ப்டோதெசின் மனிதரிடம் சோதிக்கப்பட்டபோது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது; 1970களில் கைவிடப்பட்டது. அது உயிரணுவில் எதைத் தாக்குகிறது என்று 1985இல் தெரிந்த பின்னரே திருத்திய வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றான டோபோடெகான் 1998இல் நுரையீரல் புற்றின் சிறுவகைக்கு அனுமதி பெற்றது. கண்டெடுத்ததற்கும் நோயாளியின் கைக்கு வந்ததற்கும் இடையே 32 ஆண்டுகள்.

ஆய்வுக்கூடத்தில் உண்மையில் நடப்பதென்ன என்பதையும் சற்று விளக்க வேண்டும். ‘மதுரைக் கல்லூரியில் கண்டுபிடிப்பு, இன்ன மூலிகை நுரையீரல் புற்றைக் கொல்கிறது’ என்னும் வகைச் செய்திகள் அதைப் படியாமல் பிறப்பவை. 1972இல் அமெரிக்காவில் 58 வயது நோயாளி ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்கள் ஏ549 என்னும் பெயரால் உலகெங்கும் பெருக்கப்படுகின்றன. நம் நாட்டு ஆய்வாளர் பலர் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து அவற்றைப் பெறுகின்றனர். 96 சிறு குழிகளுள்ள தட்டில் அணுக்களை வளர்த்து, மூலிகைச் சாற்றைக் கூடிய குறைந்த அளவுகளில் சேர்ப்பர். ஓரிரு நாட்களுக்குப் பின் மஞ்சள் சாயம் ஒன்றை ஊற்றுவர். உயிருள்ள அணு அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அணுக்கள் மடிந்தன என்பது கணக்கு. எளிய, மலிவான, பயனுள்ள முதற்படி. பட்ட ஆய்வு மாணவர்கள் இதனைச் செய்து பயில்வது போற்றத் தக்கதே. ஆனால் தட்டிலுள்ள அணுவை அளவு மிகுந்த உப்பும் கொல்லும். தட்டில் ஊற்றிய செறிவு, வயிற்றில் செரித்து, ஈரல் சிதைத்தது போக இரத்தத்தில் மிஞ்சுமா என்பதைத் தட்டு சொல்லாது. இப்னு ஸீனாவின் ஏழாம் நிபந்தனை இங்கு நின்று கொண்டிருக்கிறது.

ஆறாம் நிபந்தனைக்கும் ஓர் எடுத்துக்காட்டு தரலாம். நம் சமையலறைக்கும் அங்காடிக்கும் பழக்கமான திப்பிலியில் பிபர்லாங்குமின் என்னும் பொருள் உண்டு. கல்கத்தாவின் அசீமா சட்டர்ஜி 1967இல் அதன் அமைப்பை வெளியிட்டார். அது நல்ல அணுவை விட்டுவிட்டுப் புற்றணுவை மட்டும் கொல்கிறது என்று 2011இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை பெரும் பரபரப்பை ஊட்டியது. 2018இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஏட்டிலிருந்து ஆய்வு நீங்கிற்று. அதனைச் சொல்லி விற்ற விளம்பரங்கள் நீங்கியதாகத் தெரியவில்லை. மஞ்சளின் குர்குமினும் இதை ஒத்த நிலையிலேயே உள்ளது. தட்டில் ஏறத்தாழ எதன் மீதும் வேலை செய்யும் அது, உடலில் நிலைப்பதுமில்லை, போதிய அளவு இரத்தத்தில் சேர்வதுமில்லை என்று 2017இல் மருந்து வேதியியலர் குழுவொன்று தொகுத்துக் காட்டியது.

நம் வாசகர் பலர் இவ்வளவு நேரம் எதிர்பார்த்திருப்பது கருஞ்சீரகத்தைப் பற்றியே என்பதை நாம் அறிவோம். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. அதன் நம்பகத்தன்மையில் ஐயமில்லை. அதன் பொருள் குறித்தே அறிஞர் ஆய்ந்தனர். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்), இது பொதுச்சொல்லால் குறிப்பான பொருளை நாடும் வகை என்றார். எல்லா இயற்கைகளும் ஒருங்கே அமைந்து எல்லா நோய்க்கும் எதிராக நிற்கும் தாவரம் ஏதுமில்லை. குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களையே இது குறிக்கும் என்பது அவர் விளக்கம். அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) தேனை ஒப்பிட்டுக் காட்டினார். மருத்துவரிடம் தேன் இதனினும் பொதுமருந்தெனும் பெயருக்கு நெருங்கியது. ஆயினும் தேன் குடித்தால் தீங்கு நேரும் நோய்களும் உண்டு என்றார். இப்னு அபீ ஜம்ரா (ரஹ்) இதனை ஏற்கவில்லை. மருத்துவர்களின் அனுமானத்துக்காக நபிமொழியின் பொதுமையைக் குறுக்கலாகாது என்று வாதிட்டார். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தம் ‘ஃபத்ஹுல் பாரீ’யில் எல்லாக் கருத்துகளையும் பதிந்துள்ளார். தனித்தும், பிறவற்றுடன் கலந்தும் பயன்படுத்துவதைக் கருத்திற்கொண்டால் பொதுமை பொருந்தும் என்பது அவர் காட்டும் சமாதானம். எண்ணெய்ப் புட்டியின் மேல் நபிமொழியை அச்சிடுவோர் இவ்வுரைகளில் எதைப் படித்தனரோ நாமறியோம்.

ஆய்வுக்கூடம் கருஞ்சீரகத்தைப் புறக்கணிக்கவில்லை. 1963இல் எகிப்தியர் தகாக்னீ அதன் எண்ணெயிலிருந்து தைமோகுவினோன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் அது நுரையீரல் புற்றணுக்களின் பெருக்கத்தைக் குறைத்தது; சிஸ்பிளாட்டினுடன் சேர்த்தபோது சுண்டெலிகளில் வளர்த்த கட்டியும் சுருங்கியது. நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 2009இல், சவூதி அறிஞர்கள் இதே பொருளை முற்றிய புற்றுள்ள 21 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டிருந்தனர். குறிப்பிடத்தக்க தீங்கில்லை, புற்றின் மீது குறிப்பிடத்தக்க பலனும் இல்லை. முதல் நிலைச் சோதனையில் பலனை அளப்பது நோக்கமன்று என்பதால் இது இறுதித் தீர்ப்பாகாது. கேம்ப்டோதெசின் முப்பதாண்டு காத்திருந்தது போல் இதுவும் திருத்திய வடிவத்தில் ஒருநாள் வரலாம். வரும்வரை, நுரையீரல் புற்றுக்கு மருந்தென்று அதைச் சொல்வதற்கு ஆய்வும் இடந்தரவில்லை, மேற்சொன்ன உரைகளும் இடந்தரவில்லை.

இது வெறும் ஏட்டு விவாதமாயின் நாம் இத்தனை பக்கம் எழுத வேண்டியதில்லை. தொடக்கநிலையில் கட்டி கண்டறியப்பட்டு, அறுவைக்கு நாள் குறித்த பின், ‘மூன்று மாதம் எண்ணெய் குடித்துப் பார்க்கட்டும்’ என்று உறவினர் சொல்ல நோயாளி மருத்துவமனைக்குப் போகாதிருந்துவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். மேலே சொன்ன 54, 69 என்னும் கணக்கு அறுவை முடித்தவர்களுக்கு உரியது. கட்டி பரவியபின் வருவோருக்கு நாம் எடுத்துக்காட்டிய 28 வாரம், 40 வாரம் என்னும் கணக்கே மிஞ்சும். 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, பரவாத புற்றுள்ளவர்களில் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியோரைப் பிறருடன் ஒப்பிட்டது. அவர்கள் இறக்கும் வாய்ப்பு ஒட்டுமொத்தமாய் இரண்டரை மடங்கு. நுரையீரல் புற்றில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கருஞ்சீரகத்தை உணவில் சேர்த்து உண்பதை எவரும் தடுக்கவில்லை. சிகிச்சையின்போது எண்ணெயாகவோ மாத்திரையாகவோ கொள்வதாயின் மருத்துவரிடம் மறைக்கலாகாது. ஒரு பொருள் மற்றொரு மருந்தை ஈரல் சிதைக்கும் வேகத்தை மாற்றக்கூடும்.

நித்தியகல்யாணியின் கதை இன்னும் முடியவில்லை. 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழுவினர், அச்செடியின் மரபுக்கூறுகளை ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்டினுள் புகுத்தினர். கேத்தரந்தினையும் விண்டோலினையும் ஈஸ்டே உண்டாக்க, அவற்றை இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கிக் காட்டினர். கிடைத்த அளவு சொற்பம். ஆலை அளவுக்கு அது வளர இன்னும் காலம் ஆகும். வளர்ந்தால், இலை வரத்தை நம்பியிருக்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு நீங்கும். நூற்றுக்கணக்கான கிலோ இலையை உருவி, உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்பும் நம் தென்மாவட்டப் புஞ்சைக்காரர் அப்போது வேரை மட்டும் விற்பாரா, வேறு பயிருக்குப் போவாரா என்பதைப் பற்றி அந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.